ரிஜெக்ட் அண்ணன் பாஸ் பண்ணிய சுவர்

கடவுள் உலகத்தைப் படைத்து முடித்த கையோடு எங்க ரிஜெக்ட் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால், நாமெல்லாம் இன்னும் ரீவொர்க்கில்தான் கிடந்திருப்போம். மலையெல்லாம் ஒரே உயரத்தில் இல்லை, கடல் ஓரம் நேராக இல்லை, மனுஷனுக்கு இடது காதும் வலது காதும் ஒரே மட்டத்தில் இல்லை என்று ஒவ்வொன்றிலும் சிவப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு, "திருப்பிச் செய்யச் சொல்லுங்க" என்று கிளம்பியிருப்பார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்கிறவர்கள் அவரோடு உட்கார்ந்து ஒரே ஒரு தடவை தோசை சாப்பிட்டிருக்க வேண்டும். எங்க ஓட்டல்காரர் அவர் உள்ளே நுழைந்தாலே கல்லைத் துடைத்து வைப்பார்.

அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். எங்க சர்ச் சபையில் சேர்ந்த அன்றைக்கு அதைச் சொல்லவும் சொன்னார்கள். அந்தப் பேர் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். லைனில் இருந்து வரும் பாகத்தைக் கையில் வாங்கி, கேஜ் வைத்து அளவு பார்த்து, சரியில்லை என்றால் சிவப்புத் தொட்டியில் போடுவது வேலை. ஷிப்ட் முழுக்க அதைச் செய்துவிட்டு வெளியே வந்த பிறகாவது சும்மா இருக்கலாம் இல்லையா? மனுஷன் ஊரையே ஓ.டி. மாதிரி எடுத்துப் பார்த்தார்.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் காலையில் ஷேர் ஆட்டோவுக்கு என்ன தள்ளுமுள்ளு நடக்கும் என்று அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். கிடைத்த கம்பியில் தொற்றிக்கொண்டு போவோம். இவர் மட்டும் குனிந்து ஒவ்வொரு ஆட்டோவையும் பின்னாலிருந்து பார்ப்பார்.

"இன்னா சார், வண்டில ஏறப் போறியா, வண்டிய வாங்கப் போறியா?" என்று கேட்டார் ஒரு டிரைவர்.

"எடது பக்க டயர்ல காத்து கம்மி. வண்டி சாஞ்சு நிக்கு. நீங்க போங்க, நான் அடுத்ததுல வாரேன்."

அடுத்ததில் ஹெட்லைட் கோணலாக இருக்கும். அதற்கடுத்ததில் சீட் ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். கடைசியில் வேர்த்து விறுவிறுத்து நடந்தே பாதி தூரம் வருவார்.

ஆலயத்திலும் இதே கதைதான். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பாஸ்டர் எல்லாருக்கும் கை கொடுப்பார். நாமெல்லாம் "நல்ல செய்தி பாஸ்டர்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போவோம். இவர் பாஸ்டர் கையை விடாமல், "ரெண்டாவது குறிப்பும் மூணாவது குறிப்பும் ஒண்ணுதான் பாஸ்டர். ஒண்ண எடுத்துருங்க" என்பார். பாவம் பாஸ்டர், நல்ல மனுஷன். அதிலிருந்து பிரசங்கத்தில் மூன்றாவது குறிப்பு வந்தாலே அவர் கண் தானாக இவர் உட்காரும் வலது பக்கக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடும்.

நான் இந்த வட்டாரத்துக்காரி. வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. எங்க சபை வாலாஜாபாத் ரோட்டில் சின்னக் கட்டடம். பாதிப் பேர் எங்களை மாதிரி உள்ளூர், பாதிப் பேர் தெற்கிலிருந்து வந்து ஹாஸ்டலிலும் வாடகை ரூமிலும் தங்கி வேலை பார்க்கிறவர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜையை ஒட்டி எங்க கம்பெனிகளில் மெஷினை எல்லாம் நிறுத்திப் பராமரிப்பு பார்ப்பார்கள். ஷட்டவுன் என்போம். எங்களுக்கெல்லாம் ஒன்றாக லீவு கிடைப்பது அப்போது மட்டும்தான். அந்த லீவில் ஒரு வேன் பிடித்து, எங்கேயாவது வீடில்லாத ஒருத்தருக்கு ஒரு சின்ன வீடு கட்டிக்கொடுத்துவிட்டு வருவோம். வீடு கட்டுற ஊழியம் என்று அதற்குப் பேர்.

ஊழியம் சரி, கட்டத் தெரிய வேண்டாமா? எங்களில் ஒருத்தருக்கும் கொத்து வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் லைன் வேலை. அதனால் ஊருக்குக் கிளம்பும் முன் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கேயே கட்டிப் பழகுவோம்; ரிஜெக்ட் அண்ணன் அந்தப் பயிற்சியையும் லைனாக மாற்றிவிட்டார். கலவை போடுகிறவர் கலவை மட்டும்தான் போடணும். கல் எடுத்துக் கொடுக்கிறவர் கல்லை மட்டும்தான் தொடணும். நான் கல்லை நனைக்கும் ஸ்டேஷன். ஒருத்தர் டீ குடிக்கப் போனால், "லைன் ஸ்டாப்" என்று சத்தம் கேட்கும், அத்தனை பேரும் கையில் இருப்பதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்போம். ரோட்டில் போகிறவர்கள் இது ஏதோ ஜெபமுறை என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

எங்களுக்குக் கொத்துக்கரணை பிடிக்கச் சொல்லிக்கொடுக்க ஏழுமலை மேஸ்திரியைப் பாஸ்டர் கூட்டிவந்தார். மேஸ்திரி எங்க ஊர்க்காரர், ஆடி மாசம் அம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். வீடு கட்டித் தர்றாங்க என்றதும், "எந்த சாமிக்கு இருந்தா இன்னா, செவுரு செவுருதான்" என்று வந்துவிட்டார். முதல் நாளே மாதிரிக்குக் கொஞ்சம் கட்டிக் காட்டினார். சுவர் நேராக நிற்கிறதா என்று எங்க அண்ணன் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். மார்க்கர் மூடியைத் திறந்தார். பெருக்கல் குறி.

மேஸ்திரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாத்துக்கு கோடு போட்ட?"

"மூணு மில்லிமீட்டர் வெளிய நிக்கு மேஸ்திரி."

"மில்லிமீட்டரா? யப்பா, நான் நூல் கணக்குல கட்றவன். நான் கட்ன வூட்ல பேரன் பேத்தி எடுத்துட்டாங்க, தெரியுமா?"

"அவுங்க யாரும் அளந்து பாக்கல மேஸ்திரி."

"சரி, நீ ஒரு கல்லு வச்சுக் காட்டு பாப்பம்."

"நான் இன்ஸ்பெக்‌ஷன். நான் கை வைக்கப்படாது."

மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான், இனி வரமாட்டார் என்று நினைத்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வந்து நின்றார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தன் தன் சுவரில் கோடு போட்டுவிட்டான், அதை விட்டுவிட்டு எப்படி இருப்பது?

ஆலயத்துக்குப் பின்னால் ஒரு ஷெட். மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் மட்டும் திறப்பு. திறப்பின் ரெண்டு ஓரத்திலும் சிமெண்ட் தூண். ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய கலவை மெஷின், கதவு, ஜன்னல் சட்டம், கூரைத் தகடு எல்லாம் அந்த ஷெட்டுக்குள்தான் சேர்த்து வைப்போம். பயிற்சிச் சுவரை அந்த ரெண்டு தூணுக்கும் நடுவில் எழுப்புவோம், ஓரம் பிடிக்கச் சுலபம் என்று. சேறு குழைத்துத்தான் கட்டுவது. சாயங்காலத்துக்குள் தலை உயரம் வந்துவிடும். அண்ணன் வருவார், தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார், உதட்டைப் பிதுக்குவார், சிவப்புக் குறி போடுவார். நாங்களே இடித்து, கல்லைக் கழுவி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சேருவோம். வருஷா வருஷம் இதே வழக்கம். ஒரு சுவர்கூடப் பாஸானது கிடையாது.

இதில் என் மண்டையைக் குடைந்த விஷயம் வேறு. இவ்வளவு பாடுபட்டு எங்களைத் தயார் பண்ணுகிற மனுஷன், ஒரு வருஷம்கூட எங்களோடு வீடு கட்ட வந்ததில்லை. வேன் கிளம்பும்போது டயரைத் தட்டிப் பார்ப்பார். ஒன்று சரியில்லை என்பார். அப்புறம் ரூமுக்குப் போய்விடுவார். பாஸ்டரம்மா அவருக்கு வேனில் வாந்தி வரும் என்று சொன்னாங்க. ஹாஸ்டல் பசங்க, அண்ணன் எந்த ஜில்லாவிலோ யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்றார்கள். மேஸ்திரி ஒரே வார்த்தையில், "சோம்பேறி" என்று முடித்துவிட்டார்.

நான் நேராகவே கேட்டேன். "இன்னாண்ணே, ஒரு தபாவாவது வாங்களேன். ஏன் வர மாட்டேன்றீங்க?"

"வரலைன்னா வரல. விடு தங்கச்சி."

எனக்கு இந்த மாதிரி பதிலெல்லாம் ஆகவே ஆகாது. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாமலே எனக்குச் சோறு இறங்காது, இது எப்படி இறங்கும்?

இந்தத் தடவை வீடு வேதாரண்யம் பக்கம் உப்பளத்து ஊர் ஒன்றில், மரகதம் என்கிற அம்மாவுக்கு. அறுபதைத் தாண்டியவங்க, தனி ஆள். காற்றில் கூரை பறந்துபோனதில் இருந்து தார்ப்பாய் கட்டிய குடிசையில்தான் வாசம். அவங்களோடு போனில் பேசுகிற பொறுப்பு என் தலையில். கூப்பிடும்போதெல்லாம் அவங்க முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"வந்துருவியளா தாயி?"

"வருவோம்மா, கண்டிப்பா."

"முன்னாடியும் ஒருத்தவுக வந்தாக. அளந்தாக. முளைக்குச்சி அடிச்சாக. என்னைய நிக்க வச்சு போட்டோ புடிச்சாக. குச்சி அப்படியே நிக்கிது. ஆடு கட்டிக்கிட்டிருக்கேன்."

அதைக் கேட்ட அன்றைக்கு எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஐப்பசி பிறந்தால் அங்கே மழை ஊற்றிவிடும். ஷட்டவுன் லீவை விட்டால் எங்களுக்கு வேறு லீவு கிடையாது. அந்த வாரத்தில் போகாவிட்டால், மரகதம்மா இன்னொரு மழைக்காலத்தைத் தார்ப்பாய்க்குக் கீழேதான் கழிக்க வேண்டும். குச்சி அடித்துவிட்டுப் போனவர்கள் கணக்கில் நாங்களும் சேர்ந்துவிடுவோம்.

அண்ணனிடம் போனை நீட்டி, "நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஜன்னல் எந்தப் பக்கம் வேணும்னு மட்டும் கேட்டுச் சொல்லு. எனக்கு டிராயிங் போதும்."

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, மேஸ்திரி பிடிவாதம் பிடித்தார். "சேத்துல கத்துக்கினு சிமெண்ட்ல கட்ட முடியாது. கடசீ தபா நெஜ கலவைல கட்டுவோம்." பாஸ்டர் சரி என்றார். அன்றைக்கு மேஸ்திரிக்கு என்ன வைராக்கியமோ, ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டி வைக்கவைத்தார். சாயங்காலம் தலை உயரம் வந்ததும் வழக்கம்போல ரெண்டு பேர் சம்மட்டியோடு தயாராக நின்றார்கள்.

ரிஜெக்ட் அண்ணன் வந்தார். ரசமட்டத்தை வைத்தார். திருப்பி வைத்தார். ரசமட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்து, அதை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குள் போய்ப் பாஸ்டர் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் குனிந்தார், நிமிர்ந்தார். மார்க்கரைத் திறந்தார். எல்லாரும் பெருமூச்சு விட்டோம். மார்க்கரை மூடிப் பையில் போட்டார்.

"பாஸ்."

மேஸ்திரி காதில் விரலை விட்டுக் குடைந்துகொண்டு, "இன்னொரு தபா சொல்லுப்பா" என்றார்.

"பாஸ் மேஸ்திரி. இது ஓகே பீஸு."

அப்புறம் நடந்ததைக் கேட்கணுமா? பாஸ்டர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். சுவருக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். டீயும் பன்னும் வந்தது. மேஸ்திரி சுவரை ஒரு தட்டுத் தட்டி, "தண்ணி காட்டணும், இல்லாங்காட்டி நிக்காது" என்றார். அந்த வாரம் முழுக்க எங்களுக்கு ஷிப்ட். பாஸ்டரே காலையிலும் சாயங்காலமும் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து சுவருக்கு ஊற்றினார். வந்தவர் போனவருக்கெல்லாம், "எங்க பிள்ளைகள் கட்டினது" என்று காட்டினாராம்.

கிளம்புகிற அன்று காலையில் வேன் வந்து, ஷெட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது. "ஏத்துங்கப்பா" என்றார் டிரைவர்.

எதை ஏற்றுவது? கலவை மெஷின் சுவருக்கு அந்தப் பக்கம். கதவு அந்தப் பக்கம். ஜன்னல், தகடு, சாமான் மொத்தமும் அந்தப் பக்கம். நாங்கள் பையும் தண்ணி பாட்டிலுமாக இந்தப் பக்கம். நடுவில் ஓகே பீஸ், பாஸ்டர் ஊற்றிய தண்ணீரில் கல்லாகி நின்றது.

இத்தனை வருஷமாக வழியை அடைத்துத்தான் சுவர் கட்டுகிறோம் என்பது எங்களில் ஒருத்தருக்கும் தோன்றியதே இல்லை. ஏன் தோன்றப் போகிறது? சாயங்காலமானால் அது இடிந்துவிடும். அந்தச் சுவர் என்றைக்காவது பாஸாகும் என்று நாங்கள் யாரும் கனவில்கூட நினைத்ததில்லை. முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

சுவருக்கு மேலே கை நுழைகிற சந்துதான் இருந்தது, மெஷின் வராது. கூரை பழைய ஷீட், காலை வைத்தால் உள்ளே விழவேண்டியதுதான். பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "இடிச்சிரலாம் பிரதர்."

ரிஜெக்ட் அண்ணன் போய்ச் சுவரில் முதுகை ஒட்டி நின்றுகொண்டார். "ரிஜெக்ட் பீஸை அனுப்புதது ஒரு தப்பு பாஸ்டர். ஓகே பீஸை ஒடைக்கது அதைவிடப் பெரிய தப்பு. என் சர்வீஸ்ல நான் செஞ்சதில்ல."

மேஸ்திரி எங்க பக்கம் பேசுவார் என்று பார்த்தால், அவரும் போய் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டார். "அவுரு சொல்றது கரெக்டு. இத்தினி நாள்ல இது ஒண்ணுதான் தேறிச்சு. இத்தப் போயி இடிக்கச் சொல்றீங்களே, வயிறு எரியுது."

எனக்கு வந்ததே கோபம். "அங்க ஒரு அம்மா மழைக்கு முன்னாடி வூடு வேணும்னு உக்காந்துகினு கீது. நீங்க ரெண்டு பேரும் இங்க செவுத்தக் கட்டிப் புடிச்சிகினு நிக்கிறீங்க. நல்லா கீதா இது?" என்று கத்தினேன். டிரைவர் ஹாரனை அடித்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. மரகதம்மா. பாஸ்டரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"கெளம்பிட்டியளா தாயி?"

"கெளம்பிக்கினே இருக்கோம்மா."

"கொரலு சரியில்லையே. வரலைன்னா வரலைன்னு சொல்லிப்புடு. நீங்க வாறியன்னுதான் ஆட்டை அவுத்து வேற எடத்துல கட்டியிருக்கேன்."

"வர்றோம்மா. இங்க ஒரு செவுரு, அதுதான் கொஞ்சம் லேட்டு."

"செவுரா? நேரா செவுரு வேணும்னு நான் கேக்கலையே தாயி. கோணலா இருந்தாலும் பரவால்ல. ஒரு பக்கம் ஒழுகினாலும் பரவால்ல. எனக்கெல்லாம் அது போதும். நீங்க வந்தா மட்டும் போதும்."

போன் கட்டாகிவிட்டது. ரிஜெக்ட் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். மேஸ்திரியின் சுவரில் கோடு போட்டபோதுகூட அந்த முகத்தில் கோபம் இருந்ததில்லை.

"என்ன சொல்லுதாங்க அவுங்க? கோணலா இருந்தா பரவால்லையா? ஒழுகினா பரவால்லையா? இப்படிச் சொல்லணும்னு யாரு அவுங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

அவரே போய்ச் சம்மட்டியை எடுத்தார். முதல் அடி விழுந்ததும் மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். ஷிப்ட் முழுக்க நின்ற இடத்திலேயே நிற்கிற மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கேயிருந்து வந்ததோ, சுவர் தரைமட்டம் ஆகும்வரை யாரிடமும் சம்மட்டியைக் கொடுக்கவில்லை. சாமானெல்லாம் ஏற்றினோம். டயரைத் தட்டிப் பார்ப்பார் என்று காத்திருந்தோம். அவர் தட்டவில்லை. மாற்றுத் துணிகூட இல்லாமல் ஏறி என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"எதைக் குடுத்தாலும் பரவால்லன்னு வாங்கிக்கிற கஸ்டமரு. உங்களை நம்பி எப்படித் தனியா அனுப்ப? நானும் வாரேன்."

போகிற வழியில் வாந்தி எடுக்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தேன். இல்லை. பாஸ்டரம்மா சொன்னது தப்பு. விழுப்புரம் தாண்டினதும், இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை என்ன நினைத்தாரோ, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பீஸை மட்டுந்தான் பாக்கணும் தங்கச்சி. செஞ்சவன் மூஞ்சியையும் பாக்கப்படாது, வாங்குறவன் மூஞ்சியையும் பாக்கப்படாது. பாத்தா பாவமா இருக்கும். பாவம்னு நெனச்சா பாஸ் பண்ணிருவேன். பாவம் பாத்துப் பாஸ் பண்ணின வீட்டுல அவுங்கதான காலம் பூரா கெடக்கணும்?"

இத்தனை வருஷம் இந்த மனுஷனைக் கல்நெஞ்சன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தோமே என்று எனக்குச் சுருக்கென்றது. அதற்கப்புறம் தஞ்சாவூர்ப் பக்கம் போகும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. எங்க வீட்டுக்காரர் இதை நம்பவே மாட்டார்.

உப்பளத்து ஊரில் மரகதம்மா எங்களைப் பார்த்ததும் ஒவ்வொருத்தர் கையையும் பிடித்துப் பார்த்தாங்க, நிஜ ஆள்தானா என்று. வேலை ஆரம்பித்தது. லைன் ஓடியது. ரிஜெக்ட் அண்ணன் அந்தம்மா முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று, அவங்க வந்தாலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். பேச்சு முழுக்கச் சுவரோடுதான்.

"ஜன்னல் இந்த ஒசரம் சரியா இருக்கா?"

"போதும் தம்பி."

"எட்டிப் பாத்துச் சொல்லுங்க."

"போதும் தம்பி."

"நீங்க பாக்கவே இல்ல."

"நீயுந்தான் என்னையப் பாக்கல."

மேஸ்திரி கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அண்ணனுக்கு வேறு வழியில்லை, திரும்பினார். பார்த்துவிட்டார். அந்தம்மா ஒரு டம்ளர் டீயை நீட்டிக்கொண்டு நின்றிருந்தாங்க. அன்றைக்கு முழுக்க அவர் மார்க்கரைத் திறக்கவே இல்லை. ரசமட்டத்தை வைப்பார், பார்ப்பார், எடுப்பார், பேசாமல் போவார். தான் பார்ப்பது சரியா என்றே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

கடைசி நாள், பின்பக்கச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம்தான் பாக்கி. அதையும் நாங்கள் அசதியில் எப்படியோ கட்டி முடித்திருந்தோம். அண்ணன் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மார்க்கரைத் திறந்து ஒரு குறி போட்டார். எங்களுக்கு உயிரே போய்விட்டது.

"அண்ணே, வானம் கருக்குது. அந்தம்மாவே போதும்னு சொல்லிட்டாங்க. இதுக்கு மேல எங்களால ஆகாது, வேணும்னா நீங்களே கட்டிக்குங்க" என்றோம், எல்லாரும் சேர்ந்து.

சட்டைக் கையை மடித்துவிட்டார். அந்தப் பகுதியைப் பிரித்தார். வாழ்க்கையில் முதல் முறையாகக் கரணையைப் பிடித்தார். அப்பாடா, அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்கணும். கலவை சுவரில் பாதி, சட்டையில் பாதி.

"கல்ல வைக்கிறியா, கொழந்தயத் தூங்க வைக்கிறியா?" என்று கேட்டார் மேஸ்திரி. ஆனாலும் உதவிக்குப் போகவில்லை. இந்த நாளுக்காகத்தானே அவர் ஒரகடத்திலிருந்து வந்திருந்தார்.

கட்டி முடித்தார். ரசமட்டத்தை வைக்க வேண்டிய அவசியமே இல்லை, கோணல் கண்ணாலேயே தெரிந்தது. அவர் மார்க்கரை எடுத்தார். மரகதம்மாவைப் பார்த்தார். மார்க்கரைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்தார். செஞ்சவனும் அவரே, வாங்குறவங்க முகத்தையும் பார்த்தாச்சு. கடைசியில், "நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. போதும்."

"போதும்னு சொல்லப்படாது. இது உங்க வீடு. பாத்துட்டுச் சொல்லுங்க."

அந்தம்மா எங்களைப் பார்த்தாங்க. பிறகு கிட்டே போய் உள்ளங்கையால் தடவினாங்க. உள்ளே போய்ப் பார்த்தாங்க. வெளியே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாங்க. வானம் இடித்தது.

"சொன்னா கோவிச்சுக்க மாட்டியே தம்பி?"

"சொல்லுங்க."

"இந்தப் பக்கம் வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்கிது. எனக்குப் புடிக்கல. பிரிச்சுக் கட்டுங்க."

சொல்லிவிட்டு, கெட்ட வார்த்தை சொல்லிவிட்ட மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாங்க. ரிஜெக்ட் அண்ணன் எங்க பக்கம் திரும்பினார். "கேட்டியளா? புடிக்கலைன்னு சொல்லிட்டாங்க. கஸ்டமரே சொல்லிட்டாங்க" என்றார். தங்கச்சிக்குக் குழந்தை பிறந்த சேதியைச் சொல்கிறவர் முகம் அது. கரணையை மேஸ்திரி கையில் கொடுத்தார். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் உட்கார்ந்து, இருட்டுவதற்குள் நேராகக் கட்டிக்கொடுத்தார். மரகதம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு கல்லுக்கும், "இது சரி, இது கொஞ்சம் தள்ளு" என்று சொல்லிக்கொண்டிருந்தாங்க.

நாங்கள் திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே அங்கே மழை பிடித்துக்கொண்டது. போன் வந்தது. "ஒரு சொட்டு இல்ல தாயி" என்றாங்க. நான் ஸ்டோர்ஸிலேயே உட்கார்ந்து அழுதேன். சூப்பர்வைசர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அதற்கப்புறம் அவங்க ரிஜெக்ட் அண்ணன் நம்பரை வாங்கிக்கொண்டாங்க. மழைக்குக் கதவு ஊதிவிட்டது, சாத்த முடியவில்லை என்று முதல் புகார். அண்ணன் போனைக் கையில் தூக்கிக்கொண்டு ஆராதனை முடிந்து வந்தவர்களிடமெல்லாம், "கஸ்டமர் கம்ப்ளெயின்ட் வந்துட்டு" என்று காட்டினார். வார லீவுக்குப் பஸ் ஏறிப் போய்க் கதவை இழைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு அலமாரிப் பலகை ஆடுகிறது என்று வந்தது. பிறகு வாசல்படி வழுக்குகிறது என்று வந்தது. பஸ் டயரைக்கூடப் பார்க்காமல் ஏறிப் போகிறார் மனுஷன்.

எனக்குத் தாங்கவில்லை. நாங்கள் கட்டிய வீடு அவ்வளவு மோசமா என்று ஒரு நாள் மரகதம்மாவையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டேன். "இன்னாம்மா, மாசா மாசம் ஒரு கொறை சொல்றீங்களாமே?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "வூட்டுக்கு என்ன கேடு தாயி. நல்லா கெட்டியா நிக்கிது. நல்லாருக்குன்னு சொல்லிட்டா அந்தத் தம்பி வராதே."

இந்த வார லீவுக்கும் ரிஜெக்ட் அண்ணன் அங்கேதான் போகிறார். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக விழவில்லையாம். பையில் திருப்புளியும், அந்தம்மாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு பொட்டலம் காராபூந்தியும் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.